அட்சதை ஏன் இரண்டாகத் தெரிந்தது? வீட்டு வீடியோவை ஃபார்மேட் மாற்றும்போது செய்யும் தவறுகள்

டொராண்டோவில் நடந்த சித்தப்பா மகள் கல்யாண கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, நம்மூர் டிவிக்கான ‘பால்’ முறைக்கு முதல்முறை மாற்றியபோது மனசே விட்டுப்போனது. அட்சதை போடும் காட்சியில் ஒவ்வோர் அரிசிமணியும் இரண்டாகத் தெரிந்தது. தாலி கட்டும் கைக்குப் பின்னால் நிழலாக இன்னொரு கை. கேசட்டில் ஒரு குறையும் இல்லை. நான் மாற்றிய விதம்தான் தவறு.

கனடா, அமெரிக்கா, ஜப்பான் நாடுகளின் பழைய டிவி முறை என்.டி.எஸ்.சி.: நொடிக்கு 29.97 பிரேம், கண்ணுக்குத் தெரியும் கோடுகள் 480. இந்தியாவிலும் இலங்கையிலும் பால்: 25 பிரேம், 576 கோடு. ஆனால் கேசட்டில் ஒரு பிரேம் என்பது ஒரே நொடித்துளியில் எடுத்த படம் அல்ல. ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு கணத்தில், இரட்டைப்படைக் கோடுகள் அடுத்த கணத்தில் பதிவாகின்றன. இந்தப் பாதிப்படத்துக்கு ஃபீல்டு என்று பெயர். என்.டி.எஸ்.சி.யில் நொடிக்கு 59.94 ஃபீல்டு, பாலில் 50.

இதை மறந்துவிட்டு 480 கோட்டை நேரடியாக 576 ஆக இழுப்பதுதான் பெரிய தவறு. இரண்டு கணங்களின் கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும், அப்புறம் பிரிக்கவே முடியாது. முதலில் டீஇன்டர்லேஸ் செய்து ஒவ்வொரு ஃபீல்டையும் முழுப் படமாக்க வேண்டும். வீடியோ மாற்றும் மென்பொருளான ஹேண்ட்பிரேக்கில் ‘பாப்’ என்ற தேர்வு இதற்குத்தான். எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் ‘யாடிஃப்’ என்ற டீஇன்டர்லேஸ் ஃபில்டரைச் சும்மா போட்டால் பாதி அசைவு போய்விடும்; மோடு 1 கொடுக்க வேண்டும். நேரமிருந்தால் அவிசிந்த் மென்பொருளில் ‘கியூடிஜிஎம்சி’ என்ற ஃபில்டர். மெதுவாகத்தான் ஓடும், ஆனால் பட்டுப்புடவைக் கரை துடிக்காமல் நிற்கும்.

அதன் பிறகுதான் அளவும் வேகமும். 59.94ஐ 50 ஆக்க, ஏறக்குறைய ஆறில் ஒரு படம் போக வேண்டும். வெறுமனே நீக்கினால் கேமரா திரும்பும்போது வெட்டி வெட்டி இழுக்கும். அடுத்தடுத்த படங்களைக் கலந்தால் என் அட்சதை மாதிரி இரட்டை. அசைவைக் கணக்கிட்டு இடைப்படம் உருவாக்கும் முறைதான் மூன்றில் நல்லது. டிவிடிக்கு என்றால், கடைசியில் மறுபடி இன்டர்லேஸ் செய்து, அதாவது இரண்டிரண்டு ஃபீல்டாகப் பின்னி, 25 பிரேமாக்க வேண்டும்.

சினிமாப் படத்தை 24 பிரேமிலிருந்து 25க்கு ஓடும் வேகத்தைக் கூட்டி மாற்றுவார்கள் என்று படித்துவிட்டு, வீட்டு கேசட்டிலும் வேகத்தில் கைவைக்காதீர்கள். 29.97ஐ 25 ஆக மெதுவாக்கினால் ஒரு மணி நேரக் கல்யாணம் 72 நிமிடம் ஓடும், நாதஸ்வரம் சுருதி இறங்கி அழும்.

ஃபீல்டு வரிசையையும் பாருங்கள். DV எனப்படும் டிஜிட்டல் வீடியோ கேமராவின் ஃபைலில் கீழ் ஃபீல்டு (கீழ்க்கோட்டில் தொடங்கும் பாதிப்படம்) முதலில் வரும். டிவிடியில் பெரும்பாலும் மேல் ஃபீல்டு. மாற்றிச் சொல்லிவிட்டால், நடப்பவர் ஓரடி முன்னே, அரையடி பின்னே என்று நடுங்குவார். டீஇன்டர்லேஸ் செய்த ஃபைலை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி, அசையும் ஒரு கையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கேசட்டை ஓட்டும் டெக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. என்.டி.எஸ்.சி. கேசட்டையும் ஓட்டும் நம்மூர் டெக்குகள் பல, பால் 60 என்ற கலப்பு சிக்னலைத்தான் வெளியே விடும். டிவியில் அது கலராகத் தெரியும். கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் கேப்சர் கருவியில் பல நேரம் கருப்பு வெள்ளைதான். அசல் என்.டி.எஸ்.சி. சிக்னல் தரும் டெக் கிடைத்த பிறகு ஏற்றுங்கள்.

இவ்வளவும் தேவையா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர், போன், யூடியூப் எல்லாமே இரண்டு வேகத்தையும் ஓட்டும். அங்கே பார்க்கத்தான் என்றால் டீஇன்டர்லேஸ் செய்து 59.94லேயே விட்டுவிடுங்கள். பழைய டிவிடி பிளேயர்தான் என்றாலும், பல பிளேயர்கள் என்.டி.எஸ்.சி. தட்டையும் ஏற்கும், ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

கேப்சர் செய்த அசல் ஃபைலை மட்டும் அழிக்காதீர்கள். DV ஃபைல் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 13 ஜிபிதான். மாற்றும் முன் முப்பது நொடி வெட்டிச் சோதியுங்கள். மணமக்கள் அசையாமல் நிற்கும் இடத்தை அல்ல, அட்சதை விழும் இடத்தை எடுங்கள்.