ஜோசோன் காலத்துக் காதல் கலாட்டா: எதில் தொடங்குவது, எப்படிப் பார்ப்பது

கொரிய சரித்திரத் தொடர் என்றாலே வாளும் விஷக் கிண்ணமும்தான் என்று ஒதுங்கிப் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கென்றே இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. சரித்திரத் தொடரைக் கொரியர்கள் 'சாகுக்' என்பார்கள். வரலாற்றுக்கு ரொம்பக் கட்டுப்படாமல் கற்பனையைக் கலந்து எடுத்தால் அது 'ஃபியூஷன் சாகுக்'. காதலும் சிரிப்புமாக ஓடுகிற தொடர்கள் பெரும்பாலும் இந்த ரகம். கதை நடப்பது அநேகமாக ஜோசோன் ஆட்சியில், அதாவது 1392-க்குப் பிறகு. தலைநகர் ஹான்யாங், இன்றைய சியோல்.

முதலில் பார்க்க '100 டேஸ் மை பிரின்ஸ்' (2018, 16 பகுதிகள்) சரியாக இருக்கும். நாட்டில் மழை இல்லை. அவன் மனைவியோடு சேர்ந்து வாழாததால்தான் என்று பழி பட்டத்து இளவரசன் தலையில் விழுகிறது. எரிச்சலில் அவன், கல்யாணமாகாமல் இருக்கும் எல்லோருக்கும் உடனே கல்யாணம் செய்துவையுங்கள் என்று ஆணையிடுகிறான். பிறகு நினைவிழந்து ஒரு கிராமத்தில் போய்ச் சிக்குகிறான். அங்கே அதே ஆணைப்படி அவனே மாப்பிள்ளை. ஒன்று மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: முதல் பகுதியின் ஆரம்பத்தில் ஆட்சிக் கவிழ்ப்பும் கொலையும் வரும். 'இதுவா காமெடி?' என்று பலர் மூடிவிடுவது அங்கேதான். நாயகன் நாயகியின் சிறுவயது சோகத்தை முதலில் காட்டிவிட்டுக் கதையைத் தொடங்குவது இந்த ரகத்தில் அடிக்கடி வரும் வழக்கம். இரண்டு பகுதிகள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மொழி விஷயத்தில் கறாராக இருங்கள். தமிழ் டப்பிங் கிடைத்தாலும் கொரிய ஒலியையே வைத்து, சப்டைட்டிலோடு பாருங்கள். பாதிச் சிரிப்பு மரியாதை விகுதியில் இருக்கிறது. நினைவிழந்த இளவரசனுக்கு விறகு பிளக்கத் தெரியாது, கயிறு திரிக்கத் தெரியாது, ஆனால் வாயைத் திறந்தால் அரண்மனை அதிகாரம். கந்தல் உடையில் நின்றுகொண்டு 'எனக்கு மட்டும்தான் அசௌகரியமாக இருக்கிறதா?' என்று கேட்கிறானே, அந்தத் தோரணை ஆங்கில வரியில் வராது. குரலில்தான் வரும். 'நீ'க்கும் 'நீங்கள்'க்கும் நடுவில் எத்தனை சண்டை மூளும் என்று தெரிந்த தமிழ்க் காதுக்கு இது இரண்டே நாளில் பிடிபடும்.

விளிச் சொற்களில் நான்கைந்து தெரிந்தால் போதும். அரசர் 'ஜொன்ஹா', பட்டத்து இளவரசர் 'ஜொஹா'. மேட்டுக்குடி வீட்டுக் கல்யாணமாகாத பையன் 'தோர்யொன்னிம்'. அரசியைக் கூப்பிடும்போது 'ஜுங்ஜொன் மாமா' என்று கேட்கும். சிரிக்காதீர்கள், அது நம் மாமா இல்லை. 'மாமா' அங்கே அரச குடும்பத்தாருக்கான மரியாதைச் சொல். 'அப்பா' மட்டும் அங்கும் அப்பாதான்.

ஆளை அடையாளம் காணும் இடத்தில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். எல்லோரும் கிம், எல்லோரும் ஈ. பெயரை நம்பிப் பயனில்லை. உடையைப் பாருங்கள். சிவப்பு அங்கியில் பொன் டிராகன் என்றால் அரசர். பட்டத்து இளவரசருக்குப் பெரும்பாலும் கருநீலம். டிராகனின் விரல்கள் அரசருக்கு ஐந்து, இளவரசருக்கு நான்கு. அதிகாரிகள் மார்பில் சதுரத் துணி இருக்கும்: இரட்டைக் கொக்கு பெரிய பதவி, ஒற்றைக் கொக்கு சின்னது, புலி என்றால் படைப்பிரிவு. வில்லன் யார் என்று குழம்பினால் இரட்டைக் கொக்குக்காரர்களில் அரசருக்குப் பெண் கொடுத்தவரைச் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் தப்பாது.

தலைமுடியைக் கவனிக்காவிட்டால் பல நகைச்சுவைகள் கைநழுவிவிடும். கல்யாணமாகாத பெண்ணுக்கு ரிப்பன் கட்டிய ஒற்றைச் சடை, கல்யாணமானதும் கொண்டையும் ஊசியும். ஆணுக்கும் அப்படித்தான், கல்யாணத்துக்குப் பிறகே உச்சிக்குடுமி. முப்பது வயதுக்காரர் சடையோடு வந்தால், ஊரே அவரைப் பார்க்கிற பார்வையில் ஒரு ஜோக் இருக்கிறது. நாயகி ஆண் வேடம் போடுகிற கதைகளில் தொப்பி கழன்று விழும் காட்சிக்கு ஏன் அத்தனை பில்டப் என்பதும் அப்போது புரியும்.

இன்னொன்று, இரவு மணி. ஹான்யாங்கில் இரவு பத்து மணிவாக்கில் 28 முறை மணி அடித்தால் ஊரடங்கு; விடியலுக்கு முன் 33 முறை அடித்தால் நகர வாசல் திறக்கும். காதலர்கள் சந்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டி நிற்க, ரோந்துக்காரன் தாண்டிப் போவானே, அந்தக் காட்சி இந்தச் சட்டத்தை நம்பித்தான் நடக்கிறது.

இரண்டாவதாக 'லவ் இன் தி மூன்லைட்' (2016, 18 பகுதிகள்). அடுத்தவருக்குக் காதல் கடிதம் எழுதிப் பிழைக்கும் பெண், ஆண் வேடத்திலேயே அரண்மனையில் நேசியாக, அதாவது ஆண்மை நீக்கப்பட்ட பணியாளராக, மாட்டிக்கொள்கிறாள். உடல் பரிசோதனை வரிசையில் அவள் நிற்கும்போது நமக்கு வியர்க்கும். இளவரசன் பாத்திரத்துக்கு அடிப்படை 1809-இல் பிறந்த ஹ்யோம்யொங் என்ற உண்மையான இளவரசர். பார்த்து முடிக்கும் வரை விக்கிபீடியா பக்கம் போகாதீர்கள். வரலாற்றின் முடிவு வேறு, தொடரின் முடிவு வேறு.

அரசவையின் ஓரத்தில் தூரிகையோடு குனிந்து எழுதுகிறவர்கள் வெறும் கூட்டம் அல்ல, வரலாற்றுக் குறிப்பாளர்கள். 1404-இல் தேஜொங் அரசர் வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்தார். எழுந்ததும், 'குறிப்பாளருக்குத் தெரிய வேண்டாம்' என்றார். அவர் விழுந்ததும் பதிவாகியிருக்கிறது, அப்படிச் சொன்னதும் பதிவாகியிருக்கிறது! இந்த உலகம் பிடித்துவிட்டால் அடுத்து 'ரூக்கி ஹிஸ்டோரியன் கூ ஹே-ர்யுங்' (2019). அதில் நாயகியே குறிப்பாளர்.

'மிஸ்டர் குயின்' (2020-21, 20 பகுதிகள்) எல்லோரும் பரிந்துரைப்பதுதான். ஆனாலும் அதைக் கடைசியில் வையுங்கள். இக்காலத்துச் சமையல்காரர் ஒருவரின் உயிர் ஜோசோன் அரசியின் உடலுக்குள் புகுந்து அரண்மனை விதிகளை ஒவ்வொன்றாக உடைக்கிறது. விதியே தெரியாதவருக்கு உடைவது எப்படித் தெரியும்? படுக்கையறை ஜோக்குகளும் தாராளம். குழந்தைகளோடு உட்கார வேண்டாம்.

எந்தத் தொடரானாலும் 11, 12-ஆம் பகுதி வாக்கில் சிரிப்பு குறைந்து அரண்மனைச் சதி கூடும். ஏறக்குறைய 16 மணி நேரக் கதையைக் காதல் மட்டும் தாங்காது என்பதால் வரும் மாற்றம் அது. அங்கே ஒரு வாரம் இடைவெளி விட்டால் யார் எந்த அணி என்று மறந்து, தொடரே நின்றுபோகும். 11 முதல் 14 வரை இரண்டு நாளில் முடித்துவிடுங்கள். மற்றபடி ஓர் இரவுக்கு இரண்டு பகுதிகள் சரி. நிறுத்துவதைப் பகுதியின் முடிவில் செய்யாதீர்கள்; அங்கே கொக்கி போட்டுவைத்திருப்பார்கள், மணி மூன்றாகிவிடும். அடுத்த பகுதியில் 15 நிமிடம் பார்த்து, கொக்கி அவிழ்ந்ததும் அணைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.