‘மோஸ்ட் பெஸ்ட்’ வேண்டாம், வெறும் ‘ப்ளீஸ்’ போதாது

தர்மபுரி, பாலக்கோடு, காவேரிப்பட்டினம் பக்கமிருந்து ஓசூர் சிப்காட்டுக்கும் பெங்களூருக்கும் இன்டர்வியூ போகும் பிள்ளைகள் பலருக்குத் தொழில் நன்றாகவே தெரியும். ஆங்கிலத்தில் இடறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்: ஒன்றை உயர்த்திச் சொல்லும்போது, ஒருவரிடம் ஒன்றைக் கேட்கும்போது. முதலாவது வெறும் இலக்கணப் பிழை. இரண்டாவது, நல்ல பிள்ளையையும் மரியாதை தெரியாதவர் போலக் காட்டிவிடும்.

முதலில் சூப்பர்லேட்டிவ், அதாவது ‘எல்லாவற்றிலும் மேல்’ என்று உயர்த்திச் சொல்லும் வடிவம். ‘பெஸ்ட்’, ‘பிக்கெஸ்ட்’ என்றாலே உச்சம் வந்துவிட்டது; முன்னால் ‘மோஸ்ட்’ போடக் கூடாது. ‘மோர் பெட்டர்’ என்பதும் அதே தவறுதான். ‘சீப்’ போன்ற சின்னச் சொல்லுக்கு ‘சீப்பெஸ்ட்’, ‘பியூட்டிஃபுல்’ போன்ற நீளமான சொல்லுக்கு ‘மோஸ்ட் பியூட்டிஃபுல்’. இரண்டில் ஒன்று போதும்.

அதிகம் கேட்கிற தவறு இது: ‘ஒகேனக்கல் இஸ் ஒன் ஆஃப் தி பெஸ்ட் பிளேஸ் இன் தர்மபுரி.’ ‘பிளேசஸ்’ என்று பன்மை வர வேண்டும். ‘நல்ல இடத்துல ஒண்ணு’ என்று பேசிப் பழகியதால் ஒருமை வந்துவிடுகிறது. எழுதும்போது ‘சிறந்த இடங்களில் ஒன்று’ என்று ‘கள்’ சேர்க்கிறோம் இல்லையா, அதை நினைத்துக்கொண்டால் தவறாது. ஆனால் வினை ஒருமைதான்: ‘ஒன் ஆஃப் மை பிரதர்ஸ் இஸ் இன் ஓசூர்.’ அங்கே ‘ஆர்’ வராது.

‘எல்லாரையும் விட’ என்பதை அப்படியே கொண்டுபோய் ‘ஷி இஸ் தி பெஸ்ட் தேன் ஆல்’ என்பவர்களும் உண்டு. ‘தேன்’ என்பது ‘பெட்டர்’ போன்ற சொல்லோடு வருவது. ‘பெஸ்ட்’ வந்தால் ‘இன் தி கிளாஸ்’ அல்லது ‘ஆஃப் தி த்ரீ’.

அப்புறம், கேட்கும் முறை. தமிழில் ‘குடுங்க’, ‘சொல்லுங்க’ என்று ஒரு ‘ங்க’ போட்டால் மரியாதை வந்துவிடுகிறது. ஆங்கில வினைச்சொல்லில் அப்படி ஒட்டிக்கொள்ள எதுவும் இல்லை. குழந்தையிடமும் ‘கிவ்’தான், மேனேஜரிடமும் ‘கிவ்’தான். அதனால் வாக்கியத்தையே கேள்வியாக மாற்றுகிறார்கள். ‘ப்ளீஸ் கிவ் மி தி ஃபார்ம்’ என்றாலும் அது ப்ளீஸ் போட்ட கட்டளைதான். ‘குட் யூ கிவ் மி தி ஃபார்ம், ப்ளீஸ்?’ என்பதே பணிவு. இந்தக் ‘குட்’, ‘கேன்’ என்பதன் இறந்தகால வடிவம்தான். ஆனால் இங்கே அது காலத்தைக் காட்டவில்லை, பணிவைக் காட்டுகிறது. அதேபோல ‘ஐ வான்ட் லீவ்’ என்று நேராகச் சொல்லாமல், ‘மே ஐ டேக் லீவ் டுமாரோ?’ என்று கேட்கலாம்.

சரியாகக் காதில் விழாதபோது ‘வாட்?’ என்பது முரட்டுத்தனமாக ஒலிக்கும். ‘சாரி?’ என்று கேள்வியாக இழுத்தாலே போதும். ‘தேங்க் யூ’வுக்கு ‘மென்ஷன் நாட்’ வேண்டாம். ‘யூ ஆர் வெல்கம்’ சொல்லுங்கள்.

கவனமாகப் பழக வேண்டியது ‘வுட் யூ மைண்ட்’. ‘வுட் யூ மைண்ட் வெயிட்டிங் ஃபார் டென் மினிட்ஸ்?’ என்று ஹெச்.ஆர். கேட்கிறார். நம் பிள்ளை பவ்யமாக ‘எஸ் சார்’ என்கிறது. கேள்வியின் பொருள் ‘காத்திருப்பதில் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?’ என்பது. ‘எஸ்’ என்றால் ‘உண்டு’ என்றாகிவிடும்! ‘நோ, நாட் அட் ஆல்’ என்பதே சம்மதம். நேரில் என்றால் தலையாட்டலைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். ஃபோன் இன்டர்வியூவில் அதற்கும் வழியில்லை. நாமே கேட்கும்போதும் ‘மைண்ட்’ என்பதை அடுத்து ‘வெயிட்டிங்’, ‘சென்டிங்’ என்று ‘இங்’ சேர்ந்தே வரும்.

எழுத்தில் நான் உறுதியாக விடச் சொல்வது ‘கைண்ட்லி டு தி நீட்ஃபுல்’, அதாவது ‘ஆவன செய்யவும்’. நம் ஊர் அலுவலகங்களில் இது செல்லும். கிருஷ்ணகிரி மாங்கூழ் வாங்கும் வெளிநாட்டு வியாபாரிக்கு இப்படி மெயில் போனால், ஆர்டரை உறுதிசெய்யச் சொல்கிறோமா, பணம் அனுப்பச் சொல்கிறோமா என்றே அவருக்குத் தெரியாது. ‘குட் யூ ப்ளீஸ் கன்ஃபர்ம் தி ஆர்டர் பை ஃப்ரைடே?’ என்று எழுதினால் என்ன வேலை, எந்த நாளுக்குள் என்பது புரியும், பணிவும் குறையாது.