ஏவுகணையைத் தொங்கவிட்டால் மட்டும் போதாது

2016 ஜூன் 25 அன்று நாசிக்கில் ஒரு சுகோய்-30 எம்கேஐ விமானம், இரண்டரை டன் எடையுள்ள பிரமோஸ் ஏவுகணையை வயிற்றுக்கு அடியில் சுமந்தபடி முதன்முதலாகப் பறந்தது. அதை வங்கக் கடலுக்கு மேலே உண்மையில் ஏவிப் பார்த்தது 2017 நவம்பர் 22இல்தான். பிரமோஸ் தாங்கிய சுகோய்களோடு 222ஆம் படைப்பிரிவு தஞ்சாவூர்த் தளத்தில் பணியில் இறங்கியபோது 2020 ஜனவரி ஆகிவிட்டது. விமானம் ரஷ்ய வடிவமைப்பு, ஏவுகணை இந்தியாவும் ரஷ்யாவும் சேர்ந்து உருவாக்கியது. அப்படியிருந்தும் இத்தனை காலம்.

“விமானம் வந்துவிட்டது, ஏவுகணையும் கையில் இருக்கிறது, மாட்டிவிட வேண்டியதுதானே” என்று நினைப்பதே இத்துறையில் எல்லோரும் செய்யும் முதல் தவறு. இரண்டரை டன் எடை சட்டென்று கழன்று விழுந்தால் விமானத்தின் சமநிலை அந்த நொடியே மாறும். ஏவுகணை விமானத்தில் இடிக்காமல் விலகி விழுந்த பிறகே அதன் உந்துபொறி பற்ற வேண்டும். இலக்கு எங்கே என்பதை விமானத்தின் கணினி அதற்கு முன்பே ஏவுகணைக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஆகவே விமானத்தின் உடல், மின்னமைப்பு, மென்பொருள் ஆகிய மூன்றிலும் கைவைத்தாக வேண்டும். சுகோயில் முதல் இரண்டையும் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் செய்தது. மென்பொருளை எழுதியவர்கள் நம் விமானப்படைப் பொறியாளர்கள்.

பலரும் தாண்டிச் சென்றுவிடும் இந்தக் கடைசிச் செய்தியைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். விமானத்தின் மென்பொருளைத் திருத்தும் உரிமை யாரிடம் இருக்கிறதோ, கடிவாளம் அவர் கையில். ஒப்பந்தம் எழுதும் நாளில் அந்த உரிமையைக் கேட்டு வாங்காமல் விட்டால், பிறகு ஒவ்வொரு புதிய ஏவுகணைக்கும் விற்றவர் வாசலில் போய் நிற்க வேண்டும். அவர் சொல்வதே விலை, அவர் குறிப்பதே தேதி.

மூன்றாவது நாட்டின் அனுமதி தானாக வந்துவிடும் என்று நம்பித் திட்டமிடுவது அடுத்த தவறு. தென்கொரியா தன் கேஎஃப்-21 விமானத்தில் எதிரி விமானத்தை வானிலேயே தாக்கும் அமெரிக்காவின் ஆம்ராம் ஏவுகணையைப் பொருத்த விரும்பியது. ஏற்றுமதி அனுமதி உரிய நேரத்தில் கிடைக்கவில்லை. நவீன ரேடார் தொழில்நுட்பத்தைத் தரவும் 2015இல் அமெரிக்கா மறுத்திருந்தது. கொரியர்கள் காத்துக் கிடக்கவில்லை. ரேடாரைத் தாங்களே உருவாக்கினார்கள். நெடுந்தூரத் தாக்குதலுக்கு ஐரோப்பாவின் மீட்டியோர் ஏவுகணையையும், குறுந்தூரத்துக்கு ஜெர்மனியின் தலைமையில் உருவான ஐரிஸ்-டியையும் தேர்ந்தெடுத்தார்கள். 2022 ஜூலையில் முதன்முதலாகப் பறந்த விமானம், 2024 மே மாதத்தில் மீட்டியோரை ஏவிவிட்டது. இரண்டே ஆண்டுகள்! ரேடார் சொந்தமாக இருந்தது பெரிய பலமாக அமைந்திருக்கும் என்பது என் கணிப்பு.

ஒரே ஏவுகணை எல்லா விமானங்களிலும் ஒரே மாதிரி இயங்கும் என்று எண்ணுவதும் தவறுதான். பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின், ஸ்வீடன் ஆகிய ஆறு நாடுகள் கூடி உருவாக்கியது மீட்டியோர். ஸ்வீடனின் கிரிப்பன், ஐரோப்பிய நாடுகள் கூடித் தயாரித்த டைஃபூன் ஆகிய போர்விமானங்களில் அது பறந்துகொண்டே விமானத்துக்குத் தகவல் திருப்பி அனுப்பும். பிரான்ஸின் ரஃபேலில் விமானம் பேசும், ஏவுகணை கேட்கும், அவ்வளவுதான். எனவே ஏவுகணையின் பெயரை மட்டும் வைத்து இரு நாட்டு விமானப்படைகளை ஒப்பிடுவது பொருந்தாது.

பணம் போட்ட கூட்டாளிக்கு முன்னுரிமை நிச்சயம் என்று நம்புகிறவர்கள் பிரிட்டனைப் பார்க்கலாம். மீட்டியோரின் பிறப்பிலும் அமெரிக்காவின் எஃப்-35 போர்விமானத் திட்டத்திலும் அந்த நாட்டுக்குப் பங்கு உண்டு. 2016இலேயே ஸ்வீடனின் கிரிப்பனில் பணிக்கு வந்த ஏவுகணை, பிரிட்டனின் எஃப்-35பி விமானங்களில் 2030களில்தான் முழுப் பயன்பாட்டுக்கு வரும் என்கிறார்கள். எஃப்-35இன் மென்பொருள், வன்பொருள் மேம்பாடு அமெரிக்காவில் தாமதமாக, பிரிட்டனின் ஏவுகணையும் அந்த வரிசையிலேயே நிற்கிறது.

2025 ஏப்ரலில் நம் கடற்படைக்கு 26 ரஃபேல் விமானங்கள் வாங்க பிரான்ஸுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. உள்நாட்டு ஆயுதங்களை இந்தியாவிலேயே அவற்றில் பொருத்துவதற்கான தொழில்நுட்பப் பரிமாற்றமும் அதில் இடம்பெற்றிருக்கிறது. விலையைப் பற்றி நடந்த விவாதத்தில் பாதியாவது அந்த ஒரு வரியைப் பற்றி நடந்திருக்க வேண்டும்.