மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு மறுக்கப்பட்டதா? நீதிமன்றம் வரை செல்லும் வழி

"உங்களுக்குக் கொடுப்பனவு கிடைக்காது" என்று அலுவலகத்தில் யாராவது வாயால் சொன்னால், அதை மட்டும் கேட்டுக்கொண்டு வீடு திரும்பிவிடாதீர்கள். காரணத்தை எழுத்தில் தரும்படி அன்றே ஒரு கடிதம் கொடுங்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

அடுத்து, கோப்பின் பிரதியைக் கேளுங்கள். இலங்கையின் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி, தருவதா இல்லையா என்ற முடிவைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். பலர் தாண்டிப் போய்விடும் படி இது. மூதூரில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு நீரிழிவால் வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. அவருடைய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கோப்பு கைக்கு வந்தபோது, ஒரு பக்கத்தின் ஓரத்தில் நீல மையில் ஒரே வரி: "நேரில் சென்றபோது வீட்டில் இல்லை." பக்கத்தில் திகதி. பெரியம்மா, மூலைகள் மடங்கிய கிளினிக் கொப்பியை எடுத்துவந்து விரித்தார். அதே திகதி! அன்று பெரியப்பா திருகோணமலை நகரில் கிளினிக் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டு தாள்களையும் இணைத்தே மேன்முறையீடு எழுதினோம்.

இப்படி மேலதிகாரிகளிடம் செய்யும் நிர்வாக மேன்முறையீட்டை முடிக்காமல் நீதிமன்றம் போனால், "வேறு பரிகாரம் இருந்ததே" என்று மனு தள்ளுபடியாகலாம். அதிலும் தோற்றால் எழுத்தாணை (ரிட்) மனு, அதாவது அதிகாரிகள் எடுத்த முடிவு சட்டப்படி சரியா என்று பார்க்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கும் மனு. மாகாணத்துக்குரிய அதிகாரத்தின் கீழ் எடுத்த முடிவென்றால் திருகோணமலையில் இருக்கும் மாகாண மேல் நீதிமன்றம். மத்திய அரசுக்குரியதென்றால் கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றம். எது என்பதைச் சட்டத்தரணியிடம் முதலிலேயே உறுதிசெய்யுங்கள்.

அங்கே நீதிபதி உங்கள் உடல்நிலையைப் புதிதாக மதிப்பிடுவதில்லை. முடிவு சட்டத்துக்குள் எடுக்கப்பட்டதா, உங்கள் பக்கம் கேட்கப்பட்டதா, கொடுத்த மருத்துவ அறிக்கை பார்க்கப்பட்டதா என்றுதான் பார்ப்பார். பிழை தெரிந்தால் முடிவை ரத்துச் செய்து, மீண்டும் பரிசீலிக்கும்படி உத்தரவிடலாம். பணம் நேரே கைக்கு வரும் என்று எண்ணிப் போக வேண்டாம். மனுவோடு சத்தியம் செய்து கொடுக்கும் எழுத்து வாக்குமூலமான சத்தியக்கடதாசியில் உங்களுக்குப் பாதகமானதையும் மறைக்காதீர்கள்; மறைத்தது தெரிந்தால் அதற்காகவே மனு தள்ளுபடியாகும்.

பாரபட்சம் காட்டப்பட்டது என்றால் அடிப்படை உரிமை மனு இருக்கிறது. ஆனால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று நின்றுவிடாதீர்கள். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உதவுகிறது. அதற்கும் திருகோணமலையில் நிலையம் உண்டு. போகும்போது நிராகரிப்புக் கடிதத்தோடு அது வந்த உறையையும் கொண்டுபோங்கள். கடிதம் எழுதிய திகதிக்கும் தபால் முத்திரைக்கும் இடையே வாரக்கணக்கில் வித்தியாசம் இருக்கலாம்; காலக்கெடு பற்றிக் கேள்வி எழுந்தால் அந்த உறை உதவும்.