டிஃபெண்டரின் கெரியரை எப்படிப் பார்ப்பது?

கால்பந்தில் எதிரணியைக் கோல் அடிக்க விடாமல் தடுக்கும் டிஃபெண்டரைப் புரிந்துகொள்ள கோல் கணக்கைத் தேடாதீர்கள், அதில் பெரிதாக ஒன்றும் இருக்காது. அமெரிக்காவின் ஜே டிமெரிட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கே தொடங்கினார் என்று பாருங்கள்: அமெரிக்காவின் எம்எல்எஸ் கால்பந்து லீக் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் யாரும் எடுக்காததால் லண்டனுக்குப் போய், இங்கிலாந்து லீக்குகளின் 9ஆம் அடுக்கில் சவுத்தால் அணிக்கு ஆடிய ஆள். அப்புறம் நேரே, மேல் லீக்குக்கு யார் போவது என்று முடிவுசெய்யும் 2006 பிளே-ஆஃப் இறுதிக்கு வாருங்கள். கார்னரில் வந்த பந்தைத் தலையால் முட்டி லீட்ஸுக்கு எதிராகத் தன் அணியான வாட்ஃபோர்டின் முதல் கோலை அடித்தார், இங்கிலாந்தின் உச்ச லீக்கான பிரீமியர் லீக்கில் இடமும் கிடைத்தது (சரி, இந்த ஒரு கோல் விதிவிலக்கு).

முழுதாக உட்கார்ந்து பார்க்க வேண்டியது தேசிய அணிகள் மோதிய 2009 கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை அரையிறுதிதான், அமெரிக்கா 2, ஸ்பெயின் 0. பந்தைப் பார்க்காதீர்கள், ஸ்பெயினின் கோல் அடிக்கும் வீரர்கள் டோரஸும் வியாவும் நகரும்போது டிமெரிட் எங்கே நிற்கிறார், பக்கத்தில் சக டிஃபெண்டர் ஓனியேவுவுக்கும் இவருக்கும் எவ்வளவு இடைவெளி என்று மட்டும் கவனியுங்கள்.

கடைசியில் வான்கூவர் அணியின் கேப்டனாக இருந்து 2014இல் ஓய்வுபெற்ற கட்டத்தை வேகமாக ஓட்டிவிடலாம்.