வீட்டு வேலைக்கு நடுவே தஞ்சாவூர் ஓவியம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் வகுப்புக்குப் போய் இந்த ஓவியம் கற்றவர்கள் பல வீடுகளில் உண்டு. அதே வீடுகளின் பரணில் பாதியில் நின்ற பலகையும் உண்டு. கேட்டால், நேரமில்லை என்பார்கள். பெரும்பாலும் நேரம் இருந்திருக்கும். எந்த வேலையை எப்போது எடுப்பது என்பதில்தான் பிசகியிருக்கும்.

கார்பன் வைத்துப் படம் இறக்குவது, ஜெய்ப்பூர் கல் ஒட்டுவது, காய்ந்த இடத்தைச் சுத்தம் செய்வது எல்லாம் பாதியில் எழுந்து போகக்கூடிய வேலைகள். குக்கர் விசிலுக்கு நடுவே பத்து நிமிஷம் கிடைத்தாலும் நாலு கல் ஒட்டலாம். மக்கு (படத்தில் நகை, தூண் போன்றவை புடைத்துத் தெரிய வைக்கும் பசைக்குழம்பு), தங்க ரேக்கு (அதன்மேல் ஒட்டும் மெல்லிய தங்கத் தாள்), பின்னணி வண்ணம் இந்த மூன்றும் அப்படியல்ல. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வர அரை மணி இருக்கும்போது மக்கு குழைக்க உட்காருவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

மக்குக்குச் சாக் பவுடர் இரண்டு பங்கு, ஃபெவிகால் ஒரு பங்கு போதும். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாகக் குழைக்க வேண்டும். ஒரு தடவை உட்காரும்போது இரண்டு மேசைக்கரண்டி பவுடருக்கு மேல் எடுக்காதீர்கள். நடுவில் எழ நேர்ந்தால் கிண்ணத்தை ஈரத்துணியால் மூடுங்கள். இறுகிவிட்ட மக்கில் தண்ணீர் ஊற்றி மறுபடி குழைத்தால் பிடிப்பு போய்விடும். பிறகு ரேக்கின் அடியில் அது பொடியாக உதிரும். நேரத்தை மிச்சம் பிடிக்க ஒரேயடியாகத் தடிமனாக வைப்பதும் கெடுதல். மேல்பக்கம் முதலில் இறுகும், உள்ளே ஈரம் நிற்கும், வெடிப்பு விழும். மெல்லிசாக ஒன்று வைத்து, ராத்திரி முழுக்கக் காயவிட்டு, மறுநாள் அதன்மேல் அடுத்தது வையுங்கள். வெயிலிலோ ஃபேனுக்கு நேர் கீழேயோ வைத்து அவசரமாகக் காயவைக்காதீர்கள்.

ரேக்கு ஒட்டும்போது ஃபேன் ஓடக்கூடாது. 22 காரட் ரேக்கு காற்றில் எழும்பி மடிந்தால் நீவி எடுப்பது கஷ்டம். கோடையில் மத்தியானம் ஃபேனை நிறுத்தினால் வியர்வை சொட்டும். அதனால் விடியற்காலையே சரி. ரேக்கு ஒட்டும் பசையான அரபிக் கம்மை முதல் நாள் ராத்திரியே ஊறவைத்து, துணியில் வடிகட்டி வைத்திருங்கள். ஒரு நகை, ஒரு தூண் என்று கொஞ்சமாகப் பசை தடவி, அதை முடித்துவிட்டே எழுந்திருங்கள். தலைக்கு எண்ணெய் வைத்த கை, தாளித்த கை பலகையில் பட்டால் அந்த இடத்தில் ரேக்கு பிடிக்காது. சோப்புப் போட்டுக் கழுவிய, நன்றாகக் காய்ந்த கை வேண்டும். சாப்பாட்டு மேசையில் பலகையை வைக்காதீர்கள் என்பதும் இதனால்தான்.

டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழையைக் கணக்கில் எடுக்காமல் ஆர்டர் ஒப்புக்கொள்வது பெரிய தவறு. காற்றில் ஈரம் நிற்கும்போது பலகைப் பூச்சு காய மாட்டேன் என்கும். அரபிக் கம் ஈரத்தை இழுத்து ரேக்கின் ஓரம் தூக்கும், பூஞ்சையும் பிடிக்கும். காடா துணி ஒட்டி, மெல்லிய பூச்சு மூன்று நான்கு கொடுத்துத் தேய்க்கும் வேலையைப் பங்குனி, சித்திரையில் இரண்டு மூன்று பலகைகளுக்குச் சேர்த்து முடித்து வையுங்கள். தை முகூர்த்தத்துக்குக் கேட்கும் படத்துக்கு மக்கும் ரேக்கும் புரட்டாசிக்குள் முடிந்துவிட்டால், மழை நாளில் வண்ண வேலை மட்டும் மிஞ்சும். மார்கழிக் காலையைக் கோலமும் கோயிலும் எடுத்துக்கொள்ளும். அந்த மாதத்தை நம்பி எதையும் ஒத்திப்போட வேண்டாம்.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது பறக்கும் தூளை லேசாக எண்ணாதீர்கள். வீசிங் உள்ள குழந்தையோ பெரியவர்களோ இருந்தால் திண்ணையிலோ கொல்லையிலோ, மாஸ்க் கட்டிக்கொண்டு தேய்த்து, இடத்தை ஈரத்துணியால் துடையுங்கள். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பவர்கள் உண்டு. அது விஷம். பிள்ளைகள் உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. பசைக் கிண்ணமும் கரண்டியும் சமையலறைக்குத் திரும்பக்கூடாது.

பின்னணி நிறத்தை முழுப் பரப்புக்கும் சேர்த்து, கொஞ்சம் கூடவே கலந்து மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். இரண்டாம் தடவை கலந்தால் அதே நிறம் வருவது அரிது, திட்டுத் தெரியும். முகமும் கண்ணும் கடைசியில். நாள் முழுக்க உழைத்துக் களைத்த ராத்திரியில் கண் எழுத உட்காராதீர்கள். வீடு அடங்கியிருக்கும் ஒரு காலையை அதற்கென்று ஒதுக்கி, வீட்டாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆர்டர் என்றால் முன்பணம் வாங்கிய வாரமே அந்தப் படத்துக்கு வேண்டிய ரேக்கை வாங்கிவிடுவது நல்லது. தங்கம் விலை ஏறினால் ரேக்கும் ஏறும், பேசிய தொகை ஏறாது. ஃப்ரேம் கடைக்குத் தனியாக நாள் விடுங்கள், முகூர்த்த மாதங்களில் அங்கேயும் வரிசை நிற்கும்.