எண் மாறாமல் மாறும் பாகங்கள்: பொருள் உருவாக்கும் நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடிவமைப்பு அங் மோ கியோவில், உற்பத்தி ஜோகூரில், வாடிக்கையாளர் ஐரோப்பாவில். சிங்கப்பூரில் மின்னணுக் கருவிகள் உருவாக்கும் பல நிறுவனங்களின் நிலவரம் இதுதான். இப்படிப்பட்ட இடத்தில் கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட் என்பதன் வேலை ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வைத்திருப்பது: வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய, இந்த வரிசை எண் கொண்ட பெட்டிக்குள் எந்தப் பாகம், அதன் எந்த ரிவிஷன் (திருத்தப் பதிப்பு), எந்த ஃபர்ம்வேர் (கருவிக்குள் இயங்கும் மென்பொருள்) இருக்கிறது? அரை மணி நேரத்தில் பதில் கிடைத்தால் சரி. ‘ஃபேக்டரியைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்று யாராவது இழுத்தால், கீழே வரும் தவறுகளில் ஒன்றாவது அங்கே நடந்திருக்கும்.

பாகத்தை மாற்றிவிட்டு எண்ணை அப்படியே விடுவது

எல்லாவற்றிலும் கொடியது இது. ஜெனரல் மோட்டார்ஸின் இக்னிஷன் சுவிட்ச் விவகாரத்தைப் பாருங்கள். செவ்ரலே கோபால்ட் போன்ற கார்களில் சாவி இடிபட்டால் சுவிட்ச் நழுவி, ஓடும்போதே இன்ஜின் அணைந்துவிடும். மோதினால் ஏர்பேக்கும் விரியாமல் போகும். 2006இல் சுவிட்சுக்குள் இருந்த ஸ்பிரிங்கையும் பிளஞ்சரையும் மாற்ற ஒரு பொறியாளர் ஒப்புதல் கொடுத்தார். நல்ல மாற்றம்தான். ஆனால் பாக எண் பழையதாகவே இருந்தது. பிந்தைய மாடல்களில் மட்டும் கோளாறு ஏன் இல்லை என்று ஆராய்ந்தவர்களுக்கு, ஆவணங்களின்படி இரண்டும் ஒரே சுவிட்ச். பாதிக்கப்பட்ட ஒரு குடும்பத்தின் வழக்குக்காக அமர்த்தப்பட்ட நிபுணர், விபத்துக் காரின் சுவிட்சையும் புதிதாக வாங்கிய ஒன்றையும் பிரித்து ஒப்பிட்ட பிறகுதான் குட்டு வெளிப்பட்டது.

2014இல் சுமார் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124. இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. நல்ல சுவிட்சோடு வெளிவந்த பிந்தைய மாடல்களையும் சேர்த்தே அழைக்க வேண்டியதாயிற்று. பழுதுபார்த்தபோது பழைய சுவிட்சை அவற்றில் யாராவது மாட்டியிருக்கலாம். எண்ணைப் பார்த்துப் பிரித்தறிய வழியில்லை.

அப்படியானால் எப்போது புது எண், எப்போது வெறும் ரிவிஷன்? வடிவம், பொருத்தம், செயல்பாடு மூன்றில் ஒன்று மாறினாலும் புது எண் என்பது பாடப்புத்தக விதி. அதைவிட ஒரு கேள்வி எனக்குப் பயன்படுகிறது. பழையது இருந்த இடத்தில் புதியதைப் போடலாம், சரி. புதியது இருந்த இடத்தில் பழையதைப் போடலாமா? தயக்கம் வந்தால் புது எண் கொடுங்கள். புது எண் என்றால் ஈஆர்பி (கணக்கு, இருப்பு, கொள்முதலைக் கையாளும் நிறுவன மென்பொருள்) பதிவு, லேபிள், சப்ளையர் ஒப்புதல் என்று வேலை நீளும். அதற்கு அஞ்சித்தான் ரிவிஷனை மட்டும் ஏற்றிவிட்டுத் தப்பிக்கிறார்கள். வரைபடத்தில் எழுத்துப்பிழை திருத்தியதற்கெல்லாம் புது எண் கேட்பவர்களும் உண்டு. அது வேறு வகை இம்சை.

மென்பொருளுக்கும் இதே கதைதான். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனத்தில், எட்டு சர்வர்களில் ஏழில்தான் புதிய நிரல் ஏறியிருந்தது. விட்டுப்போன ஒன்றில், பல ஆண்டுகளாகப் பயன்படாத பழைய நிரல் அப்படியே கிடந்தது. அதை இயக்கிவந்த குறியீட்டையே புதிய வசதிக்கும் எடுத்துக்கொண்டிருந்ததால், அந்த சர்வரில் பழைய நிரல் விழித்துக்கொண்டது. சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

‘உடனடியாக அமல்’ என்று எழுதுவது

மாற்ற ஆணையில், அதாவது இ.சி.ஓ.வில், அமல் தேதிக்கான கட்டத்தில் ‘உடனடியாக’ என்று இருந்தால் நான் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவேன். எங்கே உடனடியாக? பழைய பாகம் ஜோகூர் கிடங்கில் இருக்கும், காஸ்வேயில் லாரியில் நிற்கும், சப்ளையரிடம் பாதி முடிந்து கிடக்கும், துவாஸில் முடிந்த பொருளுக்குள்ளும் இருக்கும். சேவைப் பிரிவின் உதிரிப்பாக அலமாரியை எப்போதும் மறந்துவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே முடிவு வேண்டும்: தீரும்வரை பயன்படுத்துவதா, திருத்துவதா, ஸ்க்ராப்பா.

தேதியைவிட வரிசை எண்ணிலிருந்து அமல் செய்வது நல்லது. மூன்றாம் தேதி அசெம்பிளிக்குப் போன போர்டு சோதனையில் தோற்று, ரீவொர்க் முடிந்து இருபதாம் தேதி வெளியே வரும். அதற்குள் இருப்பது பழையதா புதியதா என்று தேதி சொல்லாது.

ஒப்புதலைச் சடங்காக்குவது

பன்னிரண்டு பேர் கையெழுத்திடும் குழுவில் யாரும் படிப்பதில்லை; அடுத்தவர் படித்திருப்பார் என்ற நம்பிக்கைதான். அதில் சலித்துப்போனவர்கள் வாட்ஸ்அப்பில் ‘ஓகே, கேன்’ வாங்கிக்கொண்டு வேலையை முடிக்கிறார்கள். சிறிய மாற்றத்துக்கு இரண்டு பேர், பாதுகாப்பைத் தொடும் மாற்றத்துக்கு முழுக் குழு என்று பிரித்தால் போதும். அந்த இருவரில் ஒருவர் உற்பத்திப் பக்கத்தவராக இருக்கட்டும்.

மருத்துவக் கருவி என்றால் ஆட்டத்தில் இன்னொருவரும் உண்டு. பதிவு செய்யப்பட்ட கருவியில் செய்யும் மாற்றங்கள் பலவற்றை சுகாதார அறிவியல் ஆணையத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்தக் கேள்வி படிவத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

மென்பொருள் வாங்கினால் தீரும் என்று நினைப்பது

ஏர்பஸ் ஏ380இன் ஜெர்மன் பிரிவும் பிரெஞ்சுப் பிரிவும் கேட்டியா என்ற ஒரே வடிவமைப்பு மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளில் வேலை செய்தன. ஹாம்பர்க்கில் தயாரான கம்பிக்கட்டுகள் டூலூஸில் சரியாகப் பொருந்தவில்லை. முதல் விமானத்துக்குக் காத்திருந்தது நம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். திட்டமிட்டதைவிட வெகுவாகத் தாமதமாகி 2007 அக்டோபரில்தான் கைக்கு வந்தது. விலையுயர்ந்த கருவி இருந்தது. எல்லோரும் எந்தப் பதிப்பில் இருக்க வேண்டும் என்ற முடிவு இல்லை.

முடிவில்லாத தற்காலிக அனுமதி

சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு முன் ஒரு கெப்பாசிட்டர் கிடைக்காது. வாங்கும் பிரிவு ‘சமமான’ இன்னொன்றைக் கண்டுபிடிக்கும். டீவியேஷன், அதாவது வரைபடத்திலிருந்து விலகத் தற்காலிக அனுமதி, ஒன்று எழுதப்படும். ஆண்டு இறுதியிலும் அந்த மாற்றுப் பாகம்தான் ஓடிக்கொண்டிருக்கும், பி.ஓ.எம். எனும் பாகப் பட்டியலில் அதன் பெயரே இருக்காது. டீவியேஷனில் காலாவதி தேதியோ, இத்தனை எண்ணிக்கைதான் என்ற வரம்போ இல்லாவிட்டால் கையெழுத்திடாதீர்கள். வரம்பு தீர்ந்ததும் இரண்டில் ஒன்று நடக்க வேண்டும்: பழைய பாகத்துக்குத் திரும்புவது, அல்லது முறையான இ.சி.ஓ. போட்டு மாற்றுப் பாகத்தைப் பட்டியலில் ஏற்றுவது. மறுபடி நீட்டிக்கச் சொல்லி வந்தால், எந்தெந்த வரிசை எண்களில் அது போயிருக்கிறது என்ற பட்டியலை முதலில் கேளுங்கள்.